'நன்று' சொன்ன ராஜாவும் சணப்பைத் தோட்டமும்

உப்பு சும்மா கிடைத்து, பொய்க்கு மட்டும் நல்ல விலை போன காலம் அது. அந்தக் காலத்திலே நெருஞ்சிப்பட்டணம் என்று ஒரு பட்டணம். அதை ஆண்டவர் விருதுராயர் என்று ஒரு ராஜா. பெரியவர்களே, கேளுங்கள். பொடிசுகளே, நீங்களும் கேளுங்கள். நடுவில் எழுந்து போனால் கதை கோபித்துக்கொள்ளும். நானும் கோபித்துக்கொள்வேன்.

விருதுராயர் கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரி அதிகம் வாங்கமாட்டார், யாரையும் கழுவில் ஏற்றமாட்டார், வலியச் சண்டைக்கும் போகமாட்டார். கண்ணுக்கு அழகாக எதைக் கண்டாலும் மனம் குளிர்ந்து "நன்று!" என்பார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். மீதிக் குற்றத்தையெல்லாம் அவரைச் சுற்றியிருந்தவர்கள் செய்தார்கள்.

ராஜாவின் திருவாயிலிருந்து உதிர்ந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மந்திரி மங்களநாதர் மூன்று நாள் யோசித்து ஒரு சட்டம் போட்டார். ராஜா 'நன்று' என்று சொன்னதை அன்றுமுதல் யாரும் தொடக் கூடாது, வெட்டக் கூடாது, தடுக்கக் கூடாது. ஓலைக்காரர் சந்தவாணர் எழுத்தாணியும் கையுமாக ராஜாவின் பின்னாலேயே போவார். வார்த்தை விழுந்த கணமே எழுதிக்கொள்வார், முரசு முழங்கும், பொருளைச் சுற்றி வேலி எழும்பும். தூக்கக்கூடிய பொருளாக இருந்தால் கை படாமல் பட்டுத்துணி சுற்றி 'நன்று மண்டபம்' என்ற இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த மண்டபத்தைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ராஜா ஏறுவதற்காகச் செய்த பல்லக்கு ஒன்று அங்கே இருந்தது. அதில் சிலந்திதான் சவாரி செய்தது. வெண்கலப் பானையில் மூன்று வருஷத்துச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. வருகிறவர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்தி மறு கையால் கும்பிட்டார்கள். அப்புறம் ஒரு வைத்தியர் இருந்தார். ராணியின் தலைவலியை ஒரே பற்றில் தீர்த்துவிட்டாராம். ராஜா மகிழ்ந்து சொன்ன ஒரு வார்த்தையால் பாவம் மனிதர் வேலிக்குள் உட்கார்ந்துவிட்டார். ஊரில் காய்ச்சல் வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று அவரைத் தரிசித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செத்தார்கள்.

வேலிக்கு அடங்காதது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு குரங்கு. குட்டிக்கரணம் போட்டு 'நன்று' வாங்கிய குரங்கு. வேலி கட்டினால் தாண்டிவிடும். பிடிக்கலாமென்றால் தொடக் கூடாது. விரட்டலாமென்றால் தடுக்கக் கூடாது. அரண்மனையில் அது வைத்ததுதான் சட்டமாக இருந்தது. இந்தக் குரங்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். கீழ்த்துண்டு, நடுத்துண்டு, மேல்துண்டு என்று மூன்று துண்டு நிலம். அதைப் பார்த்துக்கொண்டவள் காத்தாயி. அவள் புருஷன் அப்பாவு ஏர் ஓட்டுவான். அந்தத் தோட்டத்து மூலையில் இருந்த குடிசையில்தான் காத்தாயி வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் மாமனாரைப் புதைத்ததும் அந்த வரப்பு ஓரத்தில்தான். அவளுக்கு வேறு ஊர் கிடையாது, வேறு மண் கிடையாது.

அந்தத் தோட்டத்துக் கத்திரிக்காய் என்றால் ராஜாவுக்கு உயிர். ஆனால் என்ன ஆயிற்று? ஒரு வருஷம் கத்திரிக்காய் உள்ளங்கை நிறையக் காய்த்தது. அடுத்த வருஷம் எலுமிச்சை அளவு. அதற்கடுத்த வருஷம் சுண்டைக்காய்க்குத் தம்பி.

காரணம் காத்தாயிக்குத் தெரியும். மந்திரிக்குச் சுத்தம் பிடிக்கும். தோட்டத்தில் ஒரு சருகு கிடக்கக் கூடாது, காய்த்து ஓய்ந்த செடி நிற்கக் கூடாது, சாணிக்கூடை கண்ணில் படவே கூடாது என்று உத்தரவு. காவலாட்கள் தினமும் பெருக்கிக் கூட்டிக் கொளுத்தினார்கள். பத்து வருஷமாக மண்ணிலிருந்து எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். திருப்பிக் கொடுத்தது ஒரு பிடி இல்லை. மண் வெளுத்து, செங்கல் தூள் மாதிரி ஆகிவிட்டது. மண்வெட்டி போட்டால் ஒரு மண்புழு கிடையாது.

"எங்கே என் கத்திரிக்காய்?" என்று ராஜா ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டார்.

மந்திரி சும்மா இருப்பாரா? முதலில் மண்ணுக்குப் பன்னீர் தெளித்தார். எறும்பு வந்தது. இரண்டாவதாக மண்ணுக்கு நாதசுரம் வாசிக்கச் செய்தார். வாசித்தவருக்கு வாய் வலித்தது. மூன்றாவதாக, "அரசே, இந்த மண் மலடு. கல் பாவிவிட்டு நடுவில் தங்களுக்கு இருபது முழத்தில் ஒரு சிலை வைத்துவிடலாம்" என்றார். கல்மலை ஒன்று அவருடைய மைத்துனருக்குச் சொந்தமாக இருந்தது தற்செயல்தான் என்று ஊரில் யாரும் நம்பவில்லை.

காத்தாயி ஓடிவந்து ராஜாவின் எதிரே விழுந்தாள்.

"மகாராசா, மண்ணு மலடு இல்ல. பசிச்சுக் கெடக்கு. அதுக்குத் தின்ன ஒண்ணுமே குடுக்கல நாம. சித்ரா பௌர்ணமி வரைக்கும் எனக்கு விடுங்க. அன்னிக்கு விருந்துக்கு ஒரு கூடை கத்திரிக்காய் இந்தத் தோட்டத்துலேர்ந்து வரும்."

"வராவிட்டால்?" என்றார் மந்திரி.

"வராட்டி நானும் எம் புருஷனும் குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிடுறோம் சாமி. நீங்க கல்லு போட்டுக்குங்க."

ராஜா தலையசைத்தார். அப்போது ஆடி மாதம். ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தது. போதும் என்றுதான் காத்தாயியும் நினைத்தாள்.

அவள் நம்பியது சணப்பையை. உங்களில் விவசாயம் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சணப்பையைச் சோற்றுக்கு விதைப்பதில்லை, மண்ணுக்கு விதைப்பார்கள். நெருக்கமாக விதைத்தால் இடுப்பளவு, மார்பளவு என்று மளமளவென்று வளரும். ஒன்றரை மாதத்தில் மஞ்சளாய்ப் பூக்கும். பூத்த அன்றே இரக்கம் பார்க்காமல் ஏரை விட்டு அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும். தண்ணீர் கட்டினால் இருபது நாளில் தழையும் தண்டும் அழுகி மண்ணோடு மண்ணாகிவிடும். அதுதான் மண்ணுக்கு விருந்து. பூத்த பிறகு நாள் கடத்தினால் தண்டு நாராகிக் கட்டையாகிவிடும். அப்புறம் கயிறு திரிக்கலாம், மண்ணுக்கு ஆகாது.

காத்தாயி ஆடியிலேயே கீழ்த்துண்டில் சணப்பை விதைத்தாள். தேங்கியிருந்த மனசு செடியோடு சேர்ந்து வளர்ந்தது அவளுக்கு. ஆவணிக் கடைசியில் ஒரு காலை, துண்டு முழுக்க மஞ்சள். அப்பாவு மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ராஜா உப்பரிகையில் வந்து நின்றார். பொன்னைக் கொட்டிப் பரப்பியது போல் இருந்ததைக் கண்டு, பாவம், அவரால் முடியவில்லை.

"ஆகா! நன்று!"

முரசு முழங்கிற்று. எழுத்தாணி ஓடிற்று. அப்பாவு மாட்டை அவிழ்ப்பதற்குள் வேலி கட்டி முடித்துவிட்டார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். காத்தாயி வேலியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, இதை இன்னிக்கே உழுவணும். நாளைக்கு உழுதா பாதி. அடுத்த வாரம் உழுதா ஒண்ணுமில்ல" என்று கெஞ்சினாள். சந்தவாணர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பூவைப் பற்றி அறுபது வரியில் பாட்டு எழுதப் போய்விட்டார். பட்டணத்தார் கூட்டம் கூட்டமாக வந்து பூவைப் பார்த்தார்கள். ஒருவர்கூட மண்ணைப் பார்க்கவில்லை. ஐப்பசியில் பூ உதிர்ந்து, தண்டு கட்டையாகி, காய் முற்றிக் காய்ந்தது. சணப்பைக் காய் காய்ந்தால் உள்ளே விதை ஆடும். காற்றடிக்கும்போதெல்லாம் கீழ்த்துண்டு முழுக்கக் கலகலவென்று கைதட்டிக்கொண்டிருந்தது.

காத்தாயி சோர்ந்துவிடவில்லை. கீழ்த்துண்டு வேலிக்குள் போனதுமே, புரட்டாசி மழையை வைத்து நடுத்துண்டில் தக்கைப்பூண்டு விதைத்துவிட்டாள். அதுவும் மண்ணுக்கான பயிர்தான். பூ அவ்வளவு பகட்டில்லை. இலைக்குள் ஒளிந்து பூக்கும்.

"இதை எந்த ராசா திரும்பிப் பாக்கப் போறாரு?" என்றாள் புருஷனிடம்.

"நம்ம ராசா பாப்பாரு" என்றான் அப்பாவு. அவன் அதிகம் பேசமாட்டான். பேசினால் இப்படித்தான்.

ராஜா பார்த்திருக்கமாட்டார். மந்திரி பார்க்க வைத்தார். கீழ்த்துண்டு வேலிக்குள் போனது முதல் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல. தோட்டக்காரியைத் தோற்கடிக்கத் திட்டுவதைவிடப் புகழ்வது சுலபம் என்று அவர் கண்டுகொண்டார். ஐப்பசிக் கடைசியில் பூ எடுத்த அன்றே ராஜாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார்.

"அரசே, அடக்கத்தின் அழகைப் பாருங்கள். இலைக்குள் நாணி நிற்கிற இந்தப் பூ தங்கள் குணத்தையே காட்டவில்லையா?"

தன் குணத்தைச் சொன்னால் எந்த ராஜா மறுப்பார்? "நன்று" என்றார் விருதுராயர். நடுத்துண்டும் போயிற்று.

அன்று காத்தாயி வாய்விட்டு அழுதாள். எனக்கே அவளை நினைத்தால் வயிறு எரிகிறது, இத்தனை காலம் கழித்துக் கதை சொல்கிற எனக்கே. அடி பட்டிருந்தால் காட்டி அழலாம். புகழ்ந்து கெடுத்தால் யாரிடம் போய் அழுவது?

மிச்சமிருந்தது மேல்துண்டு மட்டும். கொல்லைக் கிணற்றை ஒட்டிய, இருப்பதிலேயே சின்னத் துண்டு. கார்த்திகை மழை விட்டதும் அதில் மறுபடி சணப்பையை விதைத்தாள். இதுவும் போனால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். மைத்துனரின் கல்வண்டிகள் அதற்குள் வந்து தோட்டத்து வாசலில் வரிசையாக நின்றுவிட்டன.

"ராத்திரியோட ராத்திரியா உழுதுடலாமா?" என்றான் அப்பாவு.

"காவக்காரன் சும்மா இருப்பானா? மந்திரி நம்மளத் திருடனாக்கிடுவாரு" என்றாள் காத்தாயி.

மார்கழியில் ஒரு நாள் கீரைக்கட்டைக் கொடுக்க அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே மந்திரிக்கு இலை போட்டிருந்தார்கள். நெய்யும் பருப்பும் விட்டு, அதிரசம் இரண்டு வைத்திருந்தார்கள். மந்திரி கையை நீட்டுமுன் ஜன்னல் வழியாகக் குதித்தது நமது குரங்கு. இலையில் உட்கார்ந்தது. ஒரு அதிரசத்தைத் தின்றது, மற்றதைக் கடித்துத் துப்பியது, பருப்பை அவர் அங்கவஸ்திரத்தில் துடைத்தது. மங்களநாதர் என்ன செய்தார் தெரியுமா? கைகூப்பி எழுந்து நின்றார். வயிறு கூப்பிட்டது, கண் கலங்கியது, கை மட்டும் கூப்பியபடியே இருந்தது. சட்டம் போட்டவர் அவரே அல்லவா!

காத்தாயி கீரைக்கட்டைப் போட்டுவிட்டு, வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன புள்ள, புத்தி பேதலிச்சுடுச்சா?" என்றான் அப்பாவு.

"நிக்கிறதை நன்றுன்னு சொன்னா வேலி கட்டுறாங்க. ஓடுறதை நன்றுன்னு சொன்னா வழி விடுறாங்க" என்றாள் காத்தாயி. "மாட்டுக்குக் கொம்பு சீவி வையுங்க."

தை பிறந்தது. பொங்கல் முடிந்த கையோடு மேல்துண்டில் மஞ்சள் கண் விழித்தது. மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய வண்ணம் கொம்பில் இன்னும் மாறவில்லை. அன்று விடியற்காலையிலேயே காத்தாயி மந்திரியிடம் போய், "சாமி, சணப்பை பூத்துடுச்சு. மகாராசா வந்து பாக்கணும்" என்று பணிவாகச் சொன்னாள்.

மந்திரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது சந்தோஷம். "இவளே வந்து கேட்கிறாள், பார்த்தீரா!" என்று சந்தவாணரின் தோளில் தட்டினார். நூற்றிருபது வரியில் பாட்டு தயாராயிற்று. முரசு, குடை, வேலிக்கு வேண்டிய மூங்கில், எல்லாம் முன்கூட்டியே கிளம்பின.

மேல்துண்டுக்குப் போகக் கொல்லைக் கதவு ஒன்றுதான். கதவைத் திறந்தால் முதலில் கிணறு. கிணற்றின் பக்கத்தில் ஏழெட்டு முழம் அகலத்துக்கு வெறும் தரை. அங்கே நின்றான் அப்பாவு. வெளுத்த வேட்டி, தலையில் சிவப்பு முண்டாசு. இரண்டு வெள்ளை மாடுகள், கொம்பில் பச்சையும் காவியும், கழுத்தில் சலங்கை, நெற்றியில் சாமந்தி. ராஜாவின் தலை கதவில் தெரிந்ததும் அவன் "ஹேய்" என்று ஒரு குரல் கொடுத்தான். சலங்கை குலுங்க மாடுகள் கால் எடுத்து வைத்தன. கலப்பை நூல் பிடித்தது போல் மண்ணைக் கீறிக்கொண்டு போயிற்று.

அப்பாவுவுக்குப் பேச வராது என்றேனே ஒழிய, பாட வராது என்று சொன்னேனா? பாடினான். கொல்லைக் கிணறு எதிர்ப்பாட்டுப் பாடியது.

ராஜா சொக்கிப்போனார். மந்திரி "அரசே, அதோ பூ..." என்று வாயெடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"ஆகா! இந்த உழவு நன்று!"

பழக்கதோஷத்தில் முரசு முழங்கிற்று. பழக்கதோஷத்தில் எழுத்தாணி ஓடிற்று. எழுதி முடித்த பிறகுதான் சந்தவாணருக்குப் புரிந்தது. மந்திரியின் முகத்தைப் பார்த்தார். மந்திரியின் முகம் பருப்பிழந்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

ஏர் நேரே பூவுக்குள் நுழைந்தது.

"நிறுத்தடா!" என்று கத்தினார் மந்திரி.

"தடுக்கக் கூடாது சாமி" என்றாள் காத்தாயி, கைகட்டிக்கொண்டு. "மகாராசா நன்றுன்னு சொன்ன உழவு. சட்டம் இருக்கு."

"அரசே, பூவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்! சீக்கிரம்!"

ராஜா சந்தவாணரைப் பார்த்தார். சந்தவாணர் ஓலையைப் புரட்டிவிட்டு, "முன்னே சொன்னதை மீறிப் பின்னே சொன்னது நிற்காது என்று மந்திரியாரே எழுதி வைத்திருக்கிறார்" என்றார் மெல்ல.

பொன் நிறப் பூக்கள் கலப்பைக்கு முன்னால் சாய்ந்தன. மாட்டின் குளம்பு அவற்றை மிதித்தது. புரண்ட மண் மூடியது. ராஜாவுக்கு நெஞ்சு வலித்தது. மெய்யாகவே வலித்தது, அழகை நேசித்தவர் அல்லவா?

"தோட்டக்காரி, இவ்வளவு அழகை மண்ணில் போட்டு மிதிக்க உனக்கு மனம் எப்படி வந்தது?"

காத்தாயியின் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. "எனக்கும் வலிக்குது மகாராசா. விதைச்சவளுக்கு வலிக்காதா? ஆனா இது நிக்கிறதுக்கு வந்த பயிரு இல்ல. மண்ணுக்குள்ள போறதுக்கு வந்த பயிரு. போக வேண்டிய நேரத்துல போக விடாட்டி, அது வந்ததுக்கே அர்த்தமில்ல."

ராஜா கடைசி உழவுச்சால் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

உழுது முடிந்ததும் அப்பாவு சந்தவாணரிடம், "ஐயா, நானா நிறுத்திக்கிட்டா அது தடுத்ததாகுமா?" என்று கேட்டான். சந்தவாணர் எல்லா ஓலையையும் புரட்டினார். அதற்குச் சட்டம் இல்லை. அப்பாவு மாட்டை அவிழ்த்துக்கொண்டு கஞ்சி குடிக்கப் போனான்.

காத்தாயி தண்ணீர் கட்டினாள். தழை அழுகிற்று. நாற்றமென்றால் நாற்றம், அரண்மனை வரை போயிற்று. "பார்த்தீர்களா, பூவைக் கொன்று பிணவாடை வரவழைத்துவிட்டாள்" என்று மந்திரி சந்தனத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார். காத்தாயிக்கோ அந்த வாடை அடுப்பில் சோறு வேகிற வாடையாக இருந்தது. இருபது நாள் கழித்து மண்ணைக் கையில் அள்ளினாள். கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் ஒரு மண்புழு நெளிந்தது. காணாமல் போன பிள்ளை திரும்பி வந்தது போல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாசி பிறந்ததும் கத்திரி நாற்று நட்டாள். பங்குனியில் பூத்தது. சித்ரா பௌர்ணமியன்று காலையில் செடி செடியாகக் கறுநீலக் காய் தொங்கிற்று, உள்ளங்கை நிறைய, காம்பில் முள்ளோடு, தோலில் எண்ணெய் தடவிய மினுமினுப்போடு. காத்தாயி கூடையை இடுப்பில் வைத்து முதல் காயைப் பறிக்கக் கை நீட்டினாள்.

கொல்லைக் கதவு திறந்தது. ராஜா. பின்னால் முரசு, ஓலை, மூங்கில். முன்னால் மந்திரி.

நீட்டிய கையைக் காத்தாயி இழுத்துக்கொண்டாள். இந்தக் காயை ராஜா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. பறிக்க முடியாது, கூடை நிறையாது, விருந்து நடக்காது, சொன்ன சொல் பொய்க்கும். கல்வண்டி வாசலில் நிற்கிறது.

"அரசே!" என்றார் மந்திரி, குரலில் தேன் ஒழுக. "இப்படியொரு காயை இந்த உலகம் கண்டதுண்டா? இதைப் புகழாவிட்டால் தங்கள் ரசனைக்கே அவமானம். சொல்லுங்கள் அரசே, ஒரே வார்த்தை!"

ராஜா காயைப் பார்த்தார். நாக்கில் நீர் ஊறிற்று. கண் விரிந்தது. வாய் திறந்தது.

காத்தாயியிடம் இப்போது தந்திரம் எதுவும் மிச்சமில்லை. மாடு இல்லை, சலங்கை இல்லை, பாட்டு இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"மகாராசா, வேணாம். புகழாதீங்க. தின்னுங்க."

அப்போது சித்திரைக் காற்று ஒன்று அடித்தது. கீழ்த்துண்டிலிருந்து கலகலவென்று ஒரு சத்தம் எழுந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் ராஜா.

"நீங்க நன்றுன்னு சொன்ன சணப்பை மகாராசா. கைதட்டுது. ஆறு மாசமா கைதட்டுது. அந்தத் துண்டுல ஒரு கத்திரிக்காய் காய்க்கல."

ராஜா திரும்பிப் பார்த்தார். கீழ்த்துண்டில் கட்டை கட்டையாகக் காய்ந்த தண்டுகள். நடுத்துண்டில் முற்றி முறுக்கிய தக்கைப்பூண்டு. இரண்டைச் சுற்றியும் தாம் கட்டச் செய்த அழகான வேலி. இங்கே, தாம் நெஞ்சு வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்ற சின்னத் துண்டில், காய். அவருக்குப் பல்லக்கு நினைவுக்கு வந்தது. பொங்கல் பானை நினைவுக்கு வந்தது. வேலிக்குள் உட்கார்ந்து தாடி நரைத்துப்போன வைத்தியர் நினைவுக்கு வந்தார். ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திறந்த வாயை மூடிக்கொண்டார். வார்த்தையை அப்படியே விழுங்கினார். அது கசந்திருக்கும், ஆனாலும் விழுங்கினார்.

"அரசே, சொல்லுங்கள்! சொல்லுங்கள்!" என்று அவசரப்படுத்தினார் மந்திரி.

ராஜா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பட்டு அங்கவஸ்திரம், சந்தனப் பொட்டு, கூப்பிய கை. பிறகு அன்போடு சொன்னார்:

"மந்திரியாரே, நீர் நன்று."

முரசு முழங்கிற்று. கொண்டுவந்த மூங்கில் வீணாகவில்லை. மங்களநாதர் "ஐயோ" என்பதற்குள் அவரைச் சுற்றி வேலி எழும்பிவிட்டது. யாரும் அவரைத் தொடவில்லை. தாண்டி ஓடலாம்தான், தடுக்க ஆளில்லை. ஆனால் தாண்டினால் ஊர் அவரையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுமே! நின்றார்.

காத்தாயி கூடையை நிறைத்தாள். அன்று விருந்தில் எண்ணெய்க் கத்திரிக்காய். ஊரே பந்தியில் உட்கார்ந்தது. தாளிக்கிற வாசனை கொல்லை வரை போய் வேலிக்குள் நின்றவரின் மூக்கைத் தொட்டது. வாசனைக்குச் சட்டம் தெரியாது. ராஜா ஒரு காயைத் தின்றார், இரண்டாவதைத் தின்றார், மூன்றாவதையும் தின்றார். ஊரே அவர் வாயைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. விருதுராயர் இலையைக் காட்டி, "இன்னும் ரெண்டு போடு" என்றார். அதைக் கேட்டுக் காத்தாயி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அந்தச் சட்டம் எழுதிய ஓலை அடுப்புக்குப் போயிற்று. வைத்தியர் வெளியே வந்து, மூன்று வருஷமாகக் காத்திருந்த ஒரு குழந்தையின் நாடியை முதலில் பிடித்தார். பல்லக்கிலிருந்து சிலந்தி இறங்கியது. பொங்கல் காத்தாயியின் குப்பைக் குழிக்குப் போயிற்று. அதற்கு அது மிகவும் பொருத்தம். கல்லெல்லாம் வாய்க்கால் கட்டப் போயிற்று. மந்திரியையும் வெளியே விட்டார்கள். அவருக்குச் சுத்தம் பிடிக்குமல்லவா? தோட்டத்துச் சருகை ஒன்றுவிடாமல் கூட்டி, கொளுத்தாமல், குழியில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலையை ராஜா அவருக்கே கொடுத்தார். குரங்குதான் கொஞ்ச நாள் புரியாமல் அலைந்தது. ஒரு சமையல்காரன் அகப்பையால் புரியவைத்தான்.

ராஜா அதற்குப் பிறகு எதையும் புகழவில்லையா என்று கேட்பீர்கள். புகழ்ந்தார். நல்ல பாதையைக் கண்டால் அதில் நடந்தார், நல்ல கிணற்றைக் கண்டால் அதில் குடித்தார், நல்ல கத்திரிக்காயைக் கண்டால் இன்னும் இரண்டு கேட்டார்.

என் கதை பந்தியோடு முடிந்தது. நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்: நல்லதொன்றைக் கண்டால் வேலி கட்டிக் கும்பிடுவது அதற்கு மரியாதை அல்ல, அது செய்ய வந்த வேலையைச் செய்ய விடுவதுதான் மரியாதை.